எக்ஸ்புளோரர் ஆக்ஸிலை 1965–66 மஸ்டாங்குக்குப் பொருத்துவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

பழைய மஸ்டாங்கில் பலமான இன்ஜினை இறக்கி வைத்த எவருக்கும் அடுத்து வரும் கவலை பின் ஆக்ஸில்தான். 1965, 66 மாடல்களில் ஆறு சிலிண்டர் கார்களுக்கு ஃபோர்டு கொடுத்தது 7¼ அங்குல கிரவுன் வீல் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) உள்ள ஒரு சின்ன ஆக்ஸில். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வி8 கார்களுக்கு 8 அங்குலம், 28 ஸ்ப்ளைன் (முனையில் வெட்டிய பற்கள்) ஷாஃப்ட். 271 குதிரைத்திறன் கொண்ட ஹை-போ 289 என்ற அதிகத் திறன் வி8-க்கு மட்டும்தான் 9 அங்குலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவாக ஓட்டிவிட்டு வருபவர்களுக்கு அந்த 8 அங்குலமே போதும். அகலமான ஒட்டுகிற டயர், ஐந்து கியர் மேனுவல், நானூறைத் தொடும் குதிரைத்திறன் என்று போனால் கதை வேறு. ஒரு நாள் சிக்னலில் கிளட்சை விடும்போது பின்னால் இருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு வண்டி நகராது.

9 அங்குல ஆக்ஸிலைத் தேடிப் போகலாம். அது நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் 1986-க்குப் பிறகு ஃபோர்டு அதை வண்டிகளில் போடவில்லை. பழைய வண்டிகளில் இருந்ததையெல்லாம் எனக்கு முன்னால் நாற்பது வருடமாக ஆட்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாகச் செய்து வாங்கினால் காரின் பாதி விலை. அதனால் என் தேர்வு ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல ஆக்ஸில். 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட், 3¼ அங்குல டியூப், பின் டிஸ்க் பிரேக், அதே 5 போல்ட் 4½ அங்குல வட்டம். அமெரிக்காவில் பழைய வண்டி உடைக்கும் யார்டு எதற்குப் போனாலும் கிடைக்கும்.

ஒரே சிக்கல் அகலம். எக்ஸ்புளோரர் ஆக்ஸில் சுமார் 59½ அங்குலம். 65–66 மஸ்டாங்குக்கு வேண்டியது 57¼. 1967 முதல் 70 வரையிலான மஸ்டாங் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்கள் காரின் அளவு 59¼ என்பதால் டியூபை வெட்டும் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்கள் வெட்டத்தான் வேண்டும்.

யார்டில் எதைப் பார்த்து எடுப்பது

எக்ஸ்புளோரரில் இந்த ஆக்ஸில் 1991 முதல் 2001 வரை வந்தது. 2002-இல் பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டதால் அதற்குப் பிறகான வண்டிகள் உதவாது. டிஸ்க் பிரேக் 1995-இலிருந்துதான். ஆக, 1995–2001.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறி இருக்கும். அதில் 'டி4' என்று இருந்தால் 3.73 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று), லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை). டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) மூடியின் போல்ட்டில் தொங்கும் தகட்டில் '3எல்73' என்று அடித்திருந்தாலும் அதேதான். நடுவில் 'எல்' இல்லையென்றால் சாதா டிஃப். ஐந்து கியர் பெட்டிக்கு 3.73 கச்சிதம். நாலு கியர் பெட்டியோடு நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் 3.27 அல்லது 3.55 தேடட்டும்.

மூடியைத் திறக்க யார்டில் விட்டால் திறந்து கிரவுன் பற்களைப் பாருங்கள். விடவில்லையென்றால் பினியன் ஃபிளாஞ்சை, அதாவது கிரவுனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தின் வெளிமுனைத் தட்டை, கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அடுத்த வண்டிக்கு நகருங்கள்.

வெளியே வரும்போது இன்னொரு எக்ஸ்புளோரரிலிருந்து பயணி பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த வேலையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. எக்ஸ்புளோரரில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, பயணி பக்கம் தள்ளி இருக்கும். அதனால் ஓட்டுநர் பக்கத்து டியூபும் ஷாஃப்ட்டும் கிட்டத்தட்ட 3 அங்குலம் கூடுதல் நீளம். அந்தப் பக்கத்தை மட்டும் அவ்வளவு வெட்டிக் குறைத்து, இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்ட்டையே போட்டுவிட்டால் மொத்த அகலம் 56½ அங்குலத்துக்கு வந்துவிடும். ஷாஃப்ட்டை வெட்டி மறுபடி ஸ்ப்ளைன் போடும் செலவு இல்லை. ஒவ்வொரு பக்கமும் சக்கரம் ⅜ அங்குலம் உள்ளே போகும். அந்த இடைவெளி அகலமான டயருக்கு நல்லதுதான்.

ஷாஃப்ட்டை எடுக்கும்போது பேரிங் ஓடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். 8.8-இல் வெளிப் பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது. உருளைகள் ஷாஃப்ட்டின் மேலேயே நேரடியாக ஓடும். அந்த இடம் கண்ணாடி போல இருக்க வேண்டும். நகம் இடறினால் வேண்டாம்.

பழையதைக் கழற்றுவதற்கு முன் அளவு

எல்லாருக்கும் கை பரபரக்கும். பழைய ஆக்ஸில் காரில் இருக்கும்போதே, கார் நாலு சக்கரத்திலும் சமதரையில் நிற்கும்போதே, இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சக்கர ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து மறு முகம் வரை அகலம், இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளின் நடு போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் (43 அங்குலம் வர வேண்டும், வராவிட்டால் ஸ்பிரிங்கோ ஃபிரேமோ முன்பு எப்போதோ அடிபட்டிருக்கிறது), டயரின் உள்பக்கத்திலிருந்து ஸ்பிரிங் வரையும், வெளிப்பக்கத்திலிருந்து ஃபெண்டர் உதடு வரையும் இடைவெளி, கியர் பெட்டியின் பின்முனை எத்தனை டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதற்குக் காந்தம் ஒட்டிய கோணமானி ஒன்று வேண்டும். விலை அதிகமில்லை.

பிரித்தல்

மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடுங்கள். உள்ளே சின்ன கியர்களைத் தாங்கும் குறுக்கு பின்னை ஒரு மெல்லிய போல்ட் பூட்டி வைத்திருக்கும். நிதானமாகக் கழற்றுங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும்; அப்புறம் அரை நாள் அதற்கே போகும். போல்ட் வந்ததும் பின்னை உருவி, ஷாஃப்ட்டை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளினால் முனையில் உள்ள 'சி' கிளிப் தானே விழும். ஷாஃப்ட் கையோடு வந்துவிடும்.

அடுத்து டிஃபரன்ஷியல் கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு). பேரிங் மூடிகளை எடுப்பதற்கு முன் இடது, வலது, மேல், கீழ் எல்லாவற்றுக்கும் பஞ்ச் வைத்துக் குறி போடுங்கள். இந்த மூடிகளை அந்தந்த ஹவுசிங்கில் பூட்டியே துளை கடைந்திருப்பார்கள். இடம் மாறிப் போட்டால் பேரிங் நசுங்கும். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களை) எந்தப் பக்கம் எது என்று எழுதி இரண்டு தனிப் பைகளில் போடுங்கள். ஹவுசிங்கின் மேலே ஏபிஎஸ் சென்சார் ஒன்று இருக்கும். நமக்கு அது தேவையில்லை, ஆனால் அந்த ஓட்டைக்கு அதைவிட நல்ல மூடி கிடையாது. அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய ஸ்பிரிங் மேடைகள், ஷாக் பிராக்கெட், ஸ்டெபிலைசர் காதுகள் எல்லாவற்றையும் கிரைண்டரால் வெட்டி எடுங்கள். டியூபைத் தொடாமல் ஒரு நூல் உயரம் விட்டு வெட்டி, மிச்சத்தைப் பிறகு சமப்படுத்துவது நல்லது. டியூபில் பள்ளம் விழுந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

வெட்டும் ஒட்டும்

இந்த ஹவுசிங்கில் டியூபுகளை வார்ப்பிரும்பு நடுக்கூட்டுக்குள் அழுத்திச் சொருகி, சில இடங்களில் மட்டும் வெல்டிங் வைத்திருப்பார்கள். முறுக்கு அதிகமானால் டியூப் கூட்டுக்குள் சுழன்றுவிடும். அதனால் சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும். இதை வெட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். இந்தச் சூட்டில் டியூப் கொஞ்சம் இழுத்தாலும், நீளப் பக்கத்தை முனை ஒட்டும்போது நேராக்கிக்கொள்ளலாம். குட்டைப் பக்கத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும். வார்ப்பிரும்பை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, நிக்கல் ராடு வைத்து, ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிரே என்று மாற்றி மாற்றி வையுங்கள். முடிந்ததும் வெல்டிங் போர்வையால் சுற்றி, ராத்திரி முழுக்கத் தானே ஆற விடுங்கள். மின்விசிறியைப் போட்டால் காலையில் விரிசல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுக்கக் காய விட்டு, வாளியையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது வெட்டு. கையில் உள்ள நீள ஷாஃப்ட்டையும் குட்டை ஷாஃப்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து வித்தியாசத்தை அளங்கள். நீங்கள் வெட்ட வேண்டிய அளவு அதுதான். எங்கேயோ படித்த எண்ணை நம்பாதீர்கள், இதையும் சேர்த்தே சொல்கிறேன். டியூபின் நேரான பகுதியில், புதிய ஸ்பிரிங் மேடை உட்காரும் இடம் தவிர்த்து, இரண்டு வெட்டுக் கோடுகள் போடுங்கள். அதோடு டியூபின் நீளவாக்கில், இரண்டு வெட்டுகளையும் தாண்டிப் போகும்படி, கூரான ஊசியால் ஒரு நேர்க்கோடு கீறுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும். இந்தக் கீறல் இல்லாவிட்டால் முனையை ஒட்டும்போது பிரேக் காலிப்பர் தாங்கும் நாலு போல்ட் ஃபிளாஞ்ச் எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது.

பேண்ட் சா இருந்தால் அருமை. இல்லையென்றால் டியூபைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்பை இறுக்கி, அதன் ஓரத்தை வழிகாட்டியாக வைத்துக் கிரைண்டரால் வெட்டுங்கள். இரண்டு விளிம்பையும் சாய்வாகத் தேய்த்து 'வி' பள்ளம் உண்டாக்குங்கள்.

ஒட்டும்போது நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது வேலைக்கு ஆகாது. நீளமான அலைன்மென்ட் கம்பி ஒன்றும், கேரியர் பேரிங் துளைகளிலும் முனைப் பேரிங் துளைகளிலும் உட்காரும் வட்டத் தட்டுகளும் வேண்டும். லேத் பட்டறையில் செய்து வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். கம்பி கையால் சுற்றினால் சுற்ற வேண்டும், அதுதான் சோதனை. கம்பி கிடைக்காதவர்கள் ஆங்கிள் இரும்பை டியூபோடு கட்டி ஒட்டுவதுண்டு, ஓடவும் ஓடும். ஆனால் முனைப் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்வதில் எந்தக் குறைவும் இல்லை.

நாலு புள்ளிகளில் சின்ன வெல்டிங் பொட்டு வையுங்கள். வைத்ததும் கம்பியை எடுத்துவிட்டு, குட்டை ஷாஃப்ட்டை உள்ளே விட்டு, ஸ்ப்ளைன் முழுக்க ஏறி 'சி' கிளிப் உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு பிரேக் ஃபிளாஞ்சின் முகத்துக்கும் ஷாஃப்ட்டின் சக்கர முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளங்கள். வெட்டாத பக்கத்தில் என்ன வருகிறதோ அதுவே இங்கேயும் வர வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் காலிப்பருக்கு நடுவில் ஓடாது. வெல்டிங் ஆறும்போது டியூப் ஒரு மயிரிழை சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சரியாக இருந்தால் கம்பியை மறுபடி போட்டு, ஓர் அங்குலம் வைத்து, நேர் எதிரே ஓர் அங்குலம், ஆற விட்டு, கம்பியைச் சுற்றிப் பார்த்து என்று முடியுங்கள். ஒரே மூச்சில் சுற்றி வந்தால் கடைசியாக வைத்த பக்கம் டியூபை இழுத்துவிடும்.

உள்ளே விழுந்த வெல்டிங் பொறிகளையும் கிரைண்டர் தூளையும் முழுக்கக் கழுவி எடுங்கள். டியூபுக்குள் துணியைக் கம்பியில் கட்டி, துணி வெள்ளையாக வரும்வரை இழுங்கள். எனக்கு ஒன்பது துணி ஆனது.

கேரியரைப் பழைய ஷிம்களோடு அதே இடத்தில் போட்டால் கிரவுன்–பினியன் அமைப்பு மாறாது. இருந்தாலும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) 0.008-இலிருந்து 0.015 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பேரிங் மூடி போல்ட்டுகள் 70–85 அடி-பவுண்டு. முனைப் பேரிங், சீல் இரண்டும் புதிது. இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்பிரிங் மேடையும் பினியன் கோணமும்

முதல் தடவை நான் கோட்டைவிட்டது இங்கேதான். காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்ஸில் தொங்கிய நிலையிலேயே கோணம் பார்த்து, மேடைகளை முழுக்க வெல்டிங் வைத்துவிட்டேன். கீழே இறக்கியதும் ஸ்பிரிங் தட்டையானது, கோணம் மாறியது. மணிக்கு 60 மைலில் சீட்டுக்குக் கீழே தேனீக்கூடு வைத்த மாதிரி ஒரு அதிர்வு. இரண்டு மேடையையும் மறுபடி வெட்டினேன்.

சரியான முறை இது. மஸ்டாங்கில் ஆக்ஸில் ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரும், ஆக மேடைகள் டியூபின் அடிப்பக்கம். 3¼ அங்குல டியூபுக்கான மேடைகளையும் யூ-போல்ட்டுகளையும் வாங்குங்கள். பழைய யூ-போல்ட் சேராது. மேடைகளை ஒட்டாமல் ஸ்பிரிங் மேல் சும்மா வைத்து, ஆக்ஸிலை அவற்றின் மேல் இறக்கி, யூ-போல்ட்டை லேசாக இறுக்குங்கள். சக்கரத்தைப் போட்டு, இன்ஜின், கியர் பெட்டி, பாதி டேங்க் பெட்ரோல் எல்லாம் இருக்கும் நிலையில் காரை முழு எடையோடு சக்கரத்தில் நிறுத்துங்கள். பின்பக்கத்தை நாலு பேர் அழுத்திக் குலுக்கிவிட்டால் ஸ்பிரிங் உட்காரும். ஃபெண்டர் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை ஆக்ஸிலைத் தள்ளுங்கள்.

இப்போது கோணம். கியர் பெட்டியின் வால் 3 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் இணையாக இருக்க வேண்டுமானால் பினியனின் மூக்கு 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். ஆனால் லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு மூக்கு மேலே ஏறும். அதற்காக 1 அல்லது 2 டிகிரி குறைத்து வைப்போம். ஆக, பினியன் 1 முதல் 2 டிகிரி மேல்நோக்கி. மிதிக்கும்போது அது இணைக்கு வந்து சேரும். காந்தக் கோணமானியைப் பினியன் ஃபிளாஞ்சின் முகத்தில் ஒட்டிப் படியுங்கள்.

அந்த நிலையில் பொட்டு மட்டும் வைத்து, ஆக்ஸிலை வெளியே எடுத்து முழு வெல்டிங்கையும் மேசையில் செய்யுங்கள். பொட்டு வைக்கும்போது ஸ்பிரிங் மேல் போர்வை போட்டு மூடுங்கள். ஸ்பிரிங் எஃகில் ஒரு பொறி விழுந்தாலும் பின்னாளில் அந்த இடத்தில் உடையும். எர்த் கிளாம்பை டியூபிலேயே மாட்டுங்கள். பேரிங் வழியாகக் கரண்ட் போகக் கூடாது.

பிரேக்

முன்பக்கம் இன்னும் டிரம் பிரேக் என்றால் இந்த டிஸ்க்கைப் போடாதீர்கள். பின்சக்கரம் முதலில் பூட்டி, ஈரச் சாலையில் கார் சுழன்று வந்த திசையையே பார்த்துத் திரும்பி நிற்கும். முதலில் முன்பக்கத்தை டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 65–66 கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. 1967-இல்தான் இரட்டை அறை வந்தது. இந்த வேலையோடு வேலையாக இரட்டைக்கு மாறிவிடுங்கள், உயிர் விஷயம். டிரம்முக்காக உள்ளே இருக்கும், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்க வைக்கும் ரெசிடுவல் வால்வைப் பின் லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க, பின் லைனில் திருகி அளவு மாற்றும் புரொப்போர்ஷனிங் வால்வு ஒன்று அவசியம்.

எக்ஸ்புளோரரின் ஹேண்ட் பிரேக், டிஸ்க்கின் தொப்பிக்குள் ஒரு குட்டி டிரம்மாக இருக்கும். அதன் கேபிள் மஸ்டாங்கின் கேபிளோடு நேராகச் சேராது; நீளம் சொல்லிச் செய்து வாங்குவதே சுலபம். பழைய 14 அங்குல ரிம் இந்தக் காலிப்பரைத் தாண்டாது. 15 அங்குலம் வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்

எக்ஸ்புளோரர் பினியனில் இருப்பது நாலு போல்ட் வட்ட ஃபிளாஞ்ச். மஸ்டாங்கில் யூ-ஜாயின்ட்டை நேராகப் பிடிக்கும் யோக். ஷாஃப்ட்டின் பின்முனைக்கு அதற்கேற்ற ஃபிளாஞ்ச் யோக் போட்டு, நீளம் திருத்தி, பேலன்ஸ் செய்து தரச் சொல்லுங்கள். கார் எடையோடு நிற்கும்போது அளவெடுங்கள். ஸ்லிப் யோக் (கியர் பெட்டிக்குள் செருகும் முனை) முழுக்க உள்ளே போன நிலையிலிருந்து முக்கால் முதல் ஓர் அங்குலம் வெளியே இருக்கட்டும்.

முதல் ஓட்டம்

ஹவுசிங்கின் காற்றுத் துளை அடைபடாமல் ஒரு ஹோஸ் மாட்டி மேலே கொண்டுபோங்கள். அது அடைத்தால் சூட்டில் எண்ணெய் சீல் வழியாகப் பிரேக்குக்குள் வரும். கியர் எண்ணெய் சுமார் இரண்டரை லிட்டர், நிரப்பும் துளை விளிம்பு வரை. லிமிடெட் ஸ்லிப் என்றால் ஃபிரிக்ஷன் மாடிஃபையரை மறக்காதீர்கள். ஊற்றாவிட்டால் வளைவில் பின்னால் யாரோ மரத்தை முறிப்பது போலச் சத்தம் வரும். உள்ளே கிளட்ச் தட்டுகளைப் புதிதாகப் போட்டிருந்தால் காலி மைதானத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாகப் பத்துப் பதினைந்து சுற்று ஓட்டுங்கள்.

புரொப்போர்ஷனிங் வால்வைப் பின்பக்க அழுத்தம் மிகக் குறைவாக வரும்படி திருகி வைத்துத் தொடங்குங்கள். அதே மைதானத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்து, முன்சக்கரம் முதலில் பூட்டும் எல்லை வரை கால் கால் சுற்றாகப் பின்னால் கூட்டிக்கொண்டு போகலாம். இருபது மைல் ஓட்டிய பிறகு இரண்டு முனைகளையும் நடுக்கூட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு முனை மட்டும் தொட முடியாத சூடு என்றால் ஒன்று காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் டியூப் நேராக இல்லை.

நூறு மைலில் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், நிச்சயம் அரைச் சுற்றாவது எடுக்கும். ஐந்நூறு மைலில் எண்ணெயை மாற்றுங்கள். என்னுடையதில் முதல் எண்ணெய் வடியும்போது தட்டின் அடியில் போட்டு வைத்த காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருந்தது; துகள் ஒன்றும் இல்லை. மூடியைத் துடைத்துப் பூட்டிவிட்டு அன்று சாயங்காலமே ஓட்டப் போய்விட்டேன்.